எழுநூறு மீட்டரில் எலிஸே: ஜெனரல் பூலாஞ்சே ஆட்சியைப் பிடித்திருந்தால்?

முதல் நாள்: மத்லேன் சதுக்கம்

1889 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. பாரிஸில் இடைத்தேர்தல் முடிந்து வாக்குகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மத்லேன் தேவாலயத்துக்கு எதிரே, ருவாயால் தெருவின் மூலையில் இருந்த துரான் உணவகத்தில் ஜெனரல் ஜார்ஜ் பூலாஞ்சே ஆதரவாளர்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சுமார் 2,45,000 வாக்குகள். அரசுத் தரப்பு நிறுத்திய ழாக்குக்குச் சுமார் 1,62,000. வெளியே கூட்டம் “எலிஸேக்கு! எலிஸேக்கு!” என்று கத்துகிறது. எலிஸே என்பது குடியரசுத் தலைவர் மாளிகை. உள்ளே இருந்தவர்களில் சிலரும் அதையே சொன்னார்கள். ஜெனரல் கிளம்பவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு வண்டியேறி வீட்டுக்குப் போய்விட்டார்.

“அன்று அவர் நடந்திருந்தால்?” பிரெஞ்சு வரலாற்றில் அதிகம் கேட்கப்பட்ட “இருந்தால்” கேள்விகளில் இதுவும் ஒன்று. இந்த ஆறு நாள் பயணம் அந்தக் கேள்வியை அதே தெருக்களில் வைத்துப் பார்ப்பதற்காக.

பூலாஞ்சேயை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிறப்பு 1837, ரென் நகரம். 1886 ஜனவரியில் போர் அமைச்சர். சிப்பாய்கள் தாடி வைக்கலாம், தட்டில் சாப்பிடலாம், காவல் கூண்டுகளுக்கு மூவர்ணம் பூசலாம் என்று அவர் கொண்டுவந்த சிறு மாற்றங்கள் படைவீரர்களிடம் நல்ல பேர் வாங்கித் தந்தன. அந்த ஜூலை 14 அணிவகுப்பில் கறுப்புக் குதிரைமேல் லோன்ஷான் மைதானத்துக்கு வந்த நாள் முதல் பாரிஸே அவரைக் கொண்டாடியது. 1887 மே மாதம் பதவி போனது. 1888 மார்ச்சில் படையிலிருந்தும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். நாளைக்கு அது தேவைப்படும்.

இன்றைய நடை: மெட்ரோ 8, 12, 14 எதில் வந்தாலும் மத்லேனில் இறங்கலாம். துரான் உணவகம் இப்போது இல்லை. அந்த மூலையில் நின்று தேவாலயத்தை முதுகுப் பக்கமாக வைத்துக்கொண்டு ருவாயால் தெருவில் இறங்கினால், முதலில் குறுக்கிடுவது சேன்தொனோரே தெரு. வலப்பக்கம் திரும்பினால் அதன் பெயர் ஃபோபூர் சேன்தொனோரே. அதில் நேரே நடக்க வேண்டும். கைப்பை, வாசனைத் திரவியக் கடைகளைத் தாண்டி இடப்பக்கம் 39ஆம் எண் பிரிட்டிஷ் தூதரகம், 41 அமெரிக்கத் தூதரின் இல்லம், 55 எலிஸே. மொத்தம் ஏறக்குறைய 700 மீட்டர், நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். மாளிகைப் பக்க நடைபாதையில் நிற்க விடமாட்டார்கள். எதிர்ப்பக்கத்துக்குப் போகச் சொல்வார்கள். முக்கிய விருந்தினர் வரும் நாளில் தெருவையே மறித்துவிடுவதும் உண்டு. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்களில் மட்டுமே வழி. அதற்கும் முன்பதிவு வேண்டும்.

நடந்து பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். முதலாவது, தெருவின் அகலம். இது அகன்ற பூல்வார் அல்ல, ஒடுக்கமான பழைய தெரு. ஆயிரக்கணக்கானோர் வந்தாலும் முன்வரிசையில் சிலர்தான் நிற்க முடியும். முகப்பில் ஒரு சிறு காவல் அணி துப்பாக்கியோடு நின்றால் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை. குறுக்குத் தெருக்கள் வழியாகப் பக்கவாட்டில் வந்து கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடலாம். இரண்டாவது, எலிஸே வாசலைத் தாண்டி சில அடி வைத்தால் எதிரே போவோ சதுக்கம். இரும்புக் கிராதிக்குப் பின்னால் உள்துறை அமைச்சகம். 1861 முதல் அது அங்கேதான். அந்த இரவில் பிரதமர் ஃப்ளோக்கேதான் உள்துறை அமைச்சரும். ஆக, அரண்மனையைப் பிடிக்கப் போகிறவர் போலீஸ் தலைமையின் வாசல்படியில்தான் போய் நிற்பார்.

பூலாஞ்சேயின் வீடு எத்துவால் வளைவு அருகே த்யுமோன் தர்வீல் தெருவில். மத்லேனிலிருந்து அங்கே போக நேர்வழி ஷான்ஸெலிஸே சாலை. அந்தச் சாலைக்கும் எலிஸே தோட்டத்துக்கும் நடுவில் மரங்கள் நிறைந்த ஒரு பூங்காவும் காப்ரியேல் அவென்யூவும்தான். கடைசிவரை தூரம் ஒரு தடையே இல்லை.

இரண்டாம் நாள்: நான்கு நாற்காலிகள்

தடை எது என்று தெரிய, வெற்றி பெற்ற ஒரு கவிழ்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1851 டிசம்பர் 2. லூயி நெப்போலியன் அப்போதே குடியரசுத் தலைவர், எலிஸேயில்தான் குடியிருந்தார். முதல் நாள் மாலை அங்கே வழக்கமான விருந்து நடந்தது. அதற்கு முன்பே நான்கு நாற்காலிகளுக்குத் தன் ஆட்களைத் தேர்ந்துவைத்திருந்தார். போர் அமைச்சராக சேன்தார்னோ, பாரிஸ் படைத் தளபதியாக மாஞான், போலீஸ் தலைவராக மோபா, உள்துறைக்கு மோர்னி (இவர் மட்டும் 2ஆம் தேதி காலையில்தான் பதவிக்கு வந்தார்). இந்த நான்கும் கையில் இருந்ததால் விடிவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்களும் குடியரசுக் கட்சித் தளபதிகளும் படுக்கையிலேயே கைதானார்கள்.

ஐந்தாவதாக ஒரு இடமும் உண்டு. காலையில் அங்கே போய்ப் பார்க்கலாம்: மாரே பகுதியில் வியேய் த்யு தாம்ப்ள் தெருவிலுள்ள ரோஹான் மாளிகை. மெட்ரோ 11, ராம்ப்யுத்தோ நிறுத்தம், பிறகு சிறிது நடை. இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் பகுதி. அப்போது அரசு அச்சகம். அந்த இரவு ஜாந்தார்ம் படையினர் கட்டடத்தைச் சூழ்ந்துகொள்ள, அறிவிப்பின் கையெழுத்துப் பிரதியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி அச்சுக் கோப்பவர்களிடம் கொடுத்தார்கள். யாருக்கும் ஒரு முழு வாக்கியம்கூடப் போய்ச் சேரக் கூடாது என்பதுதான் நோக்கம். காலையில் பாரிஸ் கண்விழித்தபோது சுவரெங்கும் சுவரொட்டி. ஆட்சிக் கவிழ்ப்பு என்றாலே குதிரையும் வாளும் என்று நினைக்கிறோம். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் அது நடக்காது.

இப்போது 1889க்கு வாருங்கள். போர் அமைச்சர் ஃப்ரேசினே, தொழில்முறைப் படைவீரர் அல்ல, பொறியாளர். பாரிஸ் ராணுவ ஆளுநர் ஜெனரல் சோசியே, 1884 முதல் அந்தப் பதவியில் இருப்பவர். போலீஸ் தலைவர் லோஸே. உள்துறை ஃப்ளோக்கே. நான்கில் ஒன்றுகூடப் பூலாஞ்சேயின் ஆள் கையில் இல்லை. அவரே ஓய்வு பெற்றவர். ஒரு கம்பெனியை நகர்த்தக்கூட எழுத்தில் ஆணை போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சிப்பாய்களுக்கு அவரைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் சிப்பாய் முகாமை விட்டு வெளியே வர அதிகாரியின் உத்தரவு வேண்டும். அதிகாரிக்கு எழுத்தில் ஆணை வேண்டும். பிடித்தம் அந்த இடத்தில் வேலை செய்யாது.

சோசியே விஷயத்தில் இன்னொன்று. 1887 டிசம்பரில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது வலதுசாரிகள் அவருக்கு வாக்களித்தார்கள். 188 வாக்குகள் பெற்று கார்னோவிடம் தோற்றார். ஒரு ஜெனரலைத் தலைவராக்கும் எண்ணம் பூலாஞ்சேயைச் சுற்றி மட்டும் இருக்கவில்லை. பாரிஸின் துப்பாக்கிகளைக் கையில் வைத்திருந்தவர் இன்னொரு ஜெனரல்.

மாலையில் இன்வலிட் படை அருங்காட்சியகம். மெட்ரோ 8, லா தூர் மோபூர். கூடங்கள் சில பராமரிப்புக்காக மூடியிருக்கலாம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லெபெல் துப்பாக்கியைத் தேடிப் பார்ப்பது நல்லது. 8 மில்லிமீட்டர் குழல், சுமார் 1.3 மீட்டர் நீளம். குழலுக்குக் கீழே மரத்துக்குள் ஒரு குழாய். அதில் 8 தோட்டாக்கள், ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் திணிக்க வேண்டும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்பதால் பின்னதன் மூக்கு முன்னதன் பற்றவைப்பு முனையை அழுத்தும். அதனால் குண்டின் நுனியைத் தட்டையாகச் செய்தார்கள். புகையில்லா வெடிமருந்தைப் பயன்படுத்திய முதல் படைத் துப்பாக்கி இதுதான். இதை விரைந்து முடிக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் போர் அமைச்சர் பூலாஞ்சே.

இது ஏன் முக்கியம்? மாற்று வரலாற்றில் இன்னொரு கிளை 1887 ஏப்ரலில் பிரிகிறது. ஏப்ரல் 20 அன்று எல்லைக் காவல் அதிகாரி ஷ்னேபெலேயை ஜெர்மானியர்கள் பிடித்தார்கள். பூலாஞ்சே கடுமையான பதிலடி கேட்டார். குடியரசுத் தலைவர் க்ரேவி பொறுமையாக ஆவணங்களைத் திரட்டி வாதாட, ஏப்ரல் 30இல் விடுதலை. பூலாஞ்சே சொன்னபடி நடந்திருந்தால் போர். ஆனால் லெபெல் முறைப்படி ஏற்கப்பட்டதே அந்த வசந்தத்தில்தான். படை முழுக்கக் கையில் இருந்தது ஒரு முறைக்கு ஒரு தோட்டா போடும் பழைய 11 மில்லிமீட்டர் க்ரா துப்பாக்கி. எதிரிக்கு ஏற்கெனவே 8 தோட்டாக் குழாய் வைத்த மௌசர் வந்துகொண்டிருந்தது. அந்தப் போரில் பிரான்ஸ் வென்றிருக்கும் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பூலாஞ்சேயின் பெயரைச் சொல்லியே ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தன் படையை 4,68,000 ஆக உயர்த்தும் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியதும் மறக்கக்கூடாதது.

மூன்றாம் நாள்: லியோன் ரயில் நிலையம், நாசியோன், ரெய்யி

காலையில் லியோன் ரயில் நிலையம். 1887 ஜூலை 8 அன்று பூலாஞ்சேயை க்ளெர்மோன் ஃபெரானுக்கு மாற்றி அனுப்பியபோது ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தார்கள். கடைசியில் தனி எஞ்சினில் ஏறித்தான் அவர் வெளியேற முடிந்தது. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் மணிக்கூண்டுக் கட்டடம் 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அவர் பார்த்தது வேறு கட்டடம். க்ளெர்மோனுக்கே போக நினைப்பவர்கள் கவனிக்க: அந்த ரயில்கள் இங்கிருந்து அல்ல, பக்கத்திலுள்ள பெர்சி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. தவறான நிலையத்தில் காத்திருந்து ரயிலை விட்டவர்கள் பலர். நடக்கப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பயணம் மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

இன்றைய முக்கியமான இடம் அது அல்ல. மெட்ரோ 1இல் ஏறி நாசியோன் போக வேண்டும். “அன்று நடந்திருந்தால்” என்ற சோதனையை வரலாறே ஒருமுறை நடத்திப் பார்த்த இடம் இது.

பூலாஞ்சேயின் வலது கை போல இருந்தவர் கவிஞர் போல் தேருலேத். பத்தாண்டுகள் கழித்து, 1899 பிப்ரவரி 23 அன்று, இறந்த குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோரின் இறுதி ஊர்வலம். அது முடிந்து பெர் லாஷேஸ் கல்லறையிலிருந்து திரும்பும் படையை எலிஸேக்குத் திருப்பிவிடுவது தேருலேத் திட்டம். சில நூறு ஆட்களோடு இந்தச் சதுக்கத்தில் காத்து நின்றார். முதல் தவறு அங்கேயே நடந்தது. எதிர்பார்த்த தளபதி பெல்லியே வரவில்லை, அந்தப் படைப்பிரிவின் தலையில் வந்தவர் ஜெனரல் ரோஜே. தேருலேத் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து எலிஸேக்கு வாருங்கள் என்று கேட்டார். ரோஜே பதில் பேசாமல் படையை முகாம் பக்கம் திருப்பினார். தேருலேத்தும் படையோடேயே முகாமுக்குள் போய்விட்டார். கதவு மூடியது. அங்கேயே கைது.

நாசியோனிலிருந்து ரெய்யி முகாம் சுமார் 1 கிலோமீட்டர். நடந்தே போகலாம், அல்லது மெட்ரோ ரெய்யி திதெரோ. முகாமை இப்போது குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள், நடுவில் பூங்கா. எலிஸே இங்கிருந்து 6 கிலோமீட்டர். படைக்குப் பழக்கமான வாசல் 1 கிலோமீட்டரில். களைத்த சிப்பாய்க்கும், ஆணை இல்லாத ஜெனரலுக்கும் எது எளிது என்று இந்தத் தூரத்தை நடந்தாலே தெரியும். 1889இல் பூலாஞ்சேக்கு இந்த அளவு படைகூடப் பக்கத்தில் இல்லை.

சதுக்கத்தின் நடுவே தாலூ செதுக்கிய குடியரசின் வெற்றிச் சிலையைக் கவனியுங்கள். வெண்கலம் 1899இல் வந்தது. அதன் சுண்ணாம்பு வடிவத்தை முதலில் திறந்தது 1889 செப்டம்பர் 21. மறுநாள் பொதுத்தேர்தல். அந்தத் தேர்தல்தான் நாளைய பக்கம்.

நான்காம் நாள்: பூர்போன் மாளிகை

பூர்போன் மாளிகை என்பது பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை கூடும் கட்டடம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் மத்லேனை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். பூலாஞ்சே நாட்டின் தலைவராகியிருக்கக்கூடிய உண்மையான வழி திறந்ததும் மூடியதும் இந்தக் கட்டடத்தில்தான்.

மெட்ரோ 12, அசாம்ப்ளே நாசியோனால் நிறுத்தம். உள்ளே போக முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். அவை கூடும் நாட்களில் பார்வையாளர் சுற்று இருக்காது. பை சோதனைக்கு நேரம் பிடிக்கும், அரை மணி முன்னால் வந்துவிடுங்கள்.

வழி எப்படித் திறந்தது? 1885 ஜூன் சட்டம் தொகுதி முறையை எடுத்துவிட்டு மாவட்டப் பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. ஒரு இடம் காலியானாலும் மாவட்டமே வாக்களிக்கும். அதனால்தான் பாரிஸில் ஒரே ஒரு இடத்துக்கு லட்சக்கணக்கான வாக்குகள் விழுந்தன. இரண்டாவது ஓட்டை: வேட்பாளர் என்று முன்கூட்டிப் பதிவு செய்யத் தேவையில்லை. வாக்குச் சீட்டை அரசு அச்சடிப்பதும் இல்லை, கட்சிகளே அடித்து வாசல் வாசலாகக் கொடுக்கும். மூன்றாவது ஓட்டை: ஒருவர் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம்.

பூலாஞ்சேயின் ஆட்கள் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு எந்திரமாக்கினார்கள். எங்கே இடம் காலியானாலும் நிற்பது, வெல்வது, ராஜினாமா செய்வது, அடுத்த மாவட்டத்துக்குப் போவது. 1888 ஏப்ரலில் வடக்கு மாவட்டத்தில் மட்டும் 1,72,000க்கும் மேல் வாக்குகள். ஜூலையில் அவையைக் கலைக்கச் சொல்லி இந்த மண்டபத்தில் பேசி, ஃப்ளோக்கேயோடு வாய்ச்சண்டை முற்றி, மறுநாள் வாள்சண்டை. 59 வயது வழக்கறிஞர் 51 வயது ஜெனரலின் கழுத்தில் காயப்படுத்திவிட்டார். அந்த மாதமே அர்தேஷ் மாவட்டத்தில் தோல்வி. எல்லாரும் முடிந்தது என்றார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஒரே நாளில் மூன்று மாவட்டங்களில் வென்றார். இடைத்தேர்தல் ஒவ்வொன்றும் இவ்விதம் “பூலாஞ்சே வேண்டுமா வேண்டாமா” என்ற பொதுவாக்கெடுப்பாக மாறியது. செலவுக்குப் பணம் உசேஸ் சீமாட்டி என்ற முடியாட்சி ஆதரவாளரிடமிருந்து, 30 லட்சம் ஃப்ராங்க்.

இதையே பொதுத்தேர்தலில் நாடு முழுக்கச் செய்திருந்தால்? கணக்கைப் பாருங்கள். பாரிஸ் அடங்கிய சேன் மாவட்டத்துக்குப் பட்டியல் முறையில் 38 இடங்கள். ஜனவரியில் பூலாஞ்சே வாங்கிய பெரும்பான்மை அப்படியே நின்றிருந்தால் 38உம் அவருடைய பட்டியலுக்கே போயிருக்கும். பட்டியல் முறையில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு கூடினாலே மாவட்டம் முழுவதும் கைக்கு வரும். உண்மையில் அந்த இலையுதிர் காலத்தில் தொகுதி முறையில் நடந்தபோது பாரிஸில் அவருடைய ஆட்களுக்குப் பாதிக்கும் குறைவான இடங்களே கிடைத்தன. நாடு முழுவதும் 576 இடங்களில் எதிர்த்தரப்பு மொத்தம் சுமார் 210. அதில் பூலாஞ்சேகாரர் 40 சொச்சம், மீதி முடியாட்சி, பேரரசுக் கட்சிகள். பெரும்பான்மைக்கு 289 வேண்டும். குறை சுமார் 80 இடம். பட்டியல் முறையில் சில பெரிய மாவட்டங்கள் கவிழ்ந்தால் எட்டக்கூடிய தூரம் அது.

குடியரசுக் கட்சியினருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. பாரிஸ் முடிவு வந்து பதினேழு நாட்களில், 1889 பிப்ரவரி 13 அன்று, பட்டியல் முறையை ரத்து செய்து பழைய தனித்தொகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜூலை 17இல் இன்னொரு சட்டம். வேட்பாளர் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஒரே ஒரு தொகுதியில்தான் நிற்கலாம், மீறினால் அவருக்கு விழும் வாக்குகள் எண்ணப்படா. எந்திரத்தின் மூன்று பல்சக்கரங்களையும் கழற்றியாயிற்று.

மாற்று வரலாறு எழுதுபவர்கள் கிளை பிரியும் இடத்தை ஜனவரி 27 இரவில் வைக்கிறார்கள். அதை பிப்ரவரி 13க்குத் தள்ள வேண்டும். அந்த ஒரு வாக்கெடுப்பு தோற்றிருந்தால் ஜெனரல் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாமல் செப்டம்பரில் நாட்டின் தலைவாசலுக்கு வந்திருப்பார். பூலாஞ்சேயே அந்த இரவில் நடக்காததற்கு முக்கியக் காரணமும் இதுதான்: பொதுத்தேர்தலிலேயே கிடைக்கப்போவதை எதற்குத் திருட வேண்டும் என்ற எண்ணம். பலர் சொல்வதுபோல அது கோழைத்தனம் அல்ல. அன்றைய சட்டப்படி சரியான கணக்கு. சட்டம் மாறும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் பக்கத்துத் தகவல் ஒன்று: அந்த 576 பேரில் ஒருவர் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதி. புதுச்சேரி, காரைக்கால் வாக்காளர்களின் சார்பில் இந்த அரைவட்ட மண்டபத்தில் ஒரு நாற்காலி இருந்தது. செனட்டிலும் ஒன்று.

ஐந்தாம் நாள்: வெர்சாய்

ஆர்ஈஆர் என்ற புறநகர் ரயிலின் சி தடத்தில் கடைசி நிறுத்தம் வெர்சாய் ஷத்தோ. அதே தடத்தில் சில வண்டிகள் வெர்சாய் ஷாந்தியேவுக்குப் போகும். அங்கே இறங்கினால் அரண்மனைக்குக் கூடுதலாக நடக்க வேண்டிவரும். ஏறுமுன் நடைமேடைப் பலகையைப் பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை.

கூட்டம் கண்ணாடி மண்டபத்துக்குப் போகும். நமக்கு வேண்டியது தெற்குப் பகுதியிலுள்ள காங்கிரஸ் மண்டபம். 1875இல் கட்டியது. எல்லா நாளும் திறப்பதில்லை, சுற்று அட்டவணையைப் பார்த்துத்தான் வர வேண்டும். அன்றைய ஆட்சியமைப்பான மூன்றாம் குடியரசின் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு அவைகளும் வெர்சாயில் ஒன்றாகக் கூடித் தேர்ந்தெடுத்தன.

பிப்ரவரி சட்டம் தோற்று, செப்டம்பரில் பூலாஞ்சே 300 இடம் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு? கார்னோவின் பதவிக்காலம் 1894 வரை. அவரை எப்படி இறக்குவது? அதற்கும் முன்னுதாரணம் இருந்தது. 1887 இறுதியில் மருமகன் வில்சன் விருதுகளை விலைக்கு விற்ற ஊழலில் க்ரேவி சிக்கியபோது, அவருக்குக் கீழ் அமைச்சரவை அமைக்க யாருமே முன்வரவில்லை. டிசம்பர் 2 அன்று அவரே விலகினார். பெரும்பான்மை கையில் இருந்தால் இந்தப் பூட்டை மறுபடி போடலாம்.

அடுத்த படிதான் கடினம். 576 உறுப்பினர், 300 செனட்டர், மொத்தம் 876. பாதிக்கு மேல் என்றால் 439. செனட் குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கிருந்து ஒருவரும் வரவில்லை என்றால் கீழவையில் மட்டும் 439 வேண்டும். அது நடக்காது. ஆகவே குடியரசுத் தலைவர் பதவியை அவர் உடனே பெற்றிருக்க முடியாது. பிரதமராகலாம், போர் அமைச்சராகவும் தன்னையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணத்தில்தான் இரண்டாம் நாளில் பார்த்த நான்கு நாற்காலிகளும் சட்டப்படியே அவர் கைக்கு வரும். துரான் உணவகத்தில் இல்லாத ஆணை அதிகாரம் அப்போது இருக்கும். கவிழ்ப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது 1890இல், உள்ளேயிருந்து நடந்திருக்கும், 1851 போல.

யாருக்காக ஆட்சி செய்வது என்பதில் சிக்கல் அங்கேயே தொடங்கும். பணம் கொடுத்தவர்களுக்கு மன்னர் திரும்ப வேண்டும். ஆனால் 1884 ஆகஸ்ட் திருத்தம் குடியரசு வடிவத்தை மாற்றவே கூடாது என்று எழுதிவைத்திருந்தது. வாக்குப் போட்ட தொழிலாளர்களுக்குக் கூலியும் வேலைநேரமும் வேண்டும். பேரரசுக் கட்சியினருக்கு ஒரு போனபார்ட் வேண்டும், ஜெனரல் 1888 தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்துக்குப் போய் இளவரசர் நெப்போலியனையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேருலேத்தின் தேசபக்தர்களுக்கு, ஜெர்மனியிடம் 1871இல் இழந்த அல்சாஸும் லொரேனும் வேண்டும். “அவையைக் கலை, சாசனத்தைத் திருத்து, புதிய சாசன சபையைக் கூட்டு” என்ற மூன்று கோரிக்கைகள் இவர்கள் எல்லாரையும் ஒரு கூரையின் கீழ் வைத்தன. சபை கூடிய முதல் நாளே கூரை போயிருக்கும். எங்கள் கணிப்பில் அந்த ஆட்சி ஓராண்டு தாண்டியிருந்தால் அதுவே அதிகம்.

ஆறாம் நாள்: வட ரயில் நிலையம், இக்ஸெல்

வட நிலையம் 1864இல் இத்தோர்ஃப் வடிவமைத்தது. முகப்பில் நகரங்களைக் குறிக்கும் 23 சிலைகள். இது பூலாஞ்சே பார்த்த அதே கட்டடம்.

1889 பிப்ரவரி 22 முதல் புதிய உள்துறை அமைச்சர் கோன்ஸ்தான். கைது வருகிறது என்ற செய்தி பூலாஞ்சேயின் காதுக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார். மார்ச் 31 அன்று ஐஃபல் கோபுரத்தின் உச்சியில் கொடி ஏறியது. ஏப்ரல் 1 அன்று ஜெனரல் இந்த நிலையத்திலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலேறினார். பிப்ரவரி சட்டத்துக்கு அடுத்தபடியாக இதுதான் பெரிய திருப்பம். இருந்து வழக்கைச் சந்தித்திருந்தால், சிறைக்குள் இருக்கும் தலைவராகத் தேர்தலில் நின்றிருப்பார். ஓடியவருக்கு அந்த மதிப்பு இல்லை. ஆகஸ்ட் 14 அன்று செனட், உயர் நீதிமன்றமாக அமர்ந்து, அவர் இல்லாமலேயே நாடுகடத்தல் தண்டனை விதித்தது. செப்டம்பரில் மோன்மார்த்ரில் அவருக்கே அதிக வாக்கு. தண்டனை பெற்றவர் என்பதால் செல்லாது என்று, அடுத்து வந்த ஜோஃப்ரானை வென்றவராக அறிவித்தார்கள்.

யூரோஸ்டாரில் பிரஸ்ஸல்ஸ் மிடி 1 மணி 22 நிமிடம். பயணத்துக்கு முன்பே சீட்டு எடுத்தால் மலிவு, கடைசி நாளில் விலை பல மடங்கு. மிடியில் இறங்கி மத்திய நிலையத்துக்கு உள்ளூர் ரயில், அங்கிருந்து 71ஆம் எண் பேருந்து, சிமித்தியேர் திக்ஸெல் நிறுத்தம். பூலாஞ்சேயைப் புதைத்த இக்ஸெல் கல்லறைத் தோட்டம் இதுதான். வாசலில் இருக்கும் அலுவலகத்தில் பூலாஞ்சே பெயரைச் சொன்னால் வழி காட்டுவார்கள். கட்டடக் கலைஞர் ஓர்த்தா, தொழிலதிபர் சோல்வே கல்லறைகளும் இங்கேதான்.

மார்கரீத் த பொன்மேன் அவருடைய காதலி. 1891 ஜூலையில் காசநோயில் இறந்தார். செப்டம்பர் 30 காலையில் பூலாஞ்சே இங்கிருந்த அவருடைய கல்லறைக்கு வந்து தன் தலையில் சுட்டுக்கொண்டார்.

கல்லறைமேல் பாதியில் முறிந்த ஒரு தூண். கல்லில் முதற்பெயர்கள்தான். மார்கரீத் பெயருக்குக் கீழே “விரைவில் சந்திப்போம்”. ஜார்ஜ் பெயருக்குக் கீழே “நீ இல்லாமல் இரண்டரை மாதம் எப்படித்தான் வாழ்ந்தேனோ”. எழுத்துகள் மழையில் மங்கிவருகின்றன. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வந்தால் படிக்கலாம். மாலையில் தூணின் நிழல் எழுத்துகள்மேல் விழுந்துவிடுகிறது.